நிற்கிறதா, போகிறதா

நவம்பர் 3, திங்கள்

இன்று வகுப்பில் தப்பான பதில் ஒன்று சொன்னேன். சின்னத் தப்புதான். ஆனால் அதை எவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

ஓட்டுநர் உரிமத் தேர்வுக்கான மாலை வகுப்பு அது. சாலை விதி சொல்லித்தரும் சார் கேட்டார்: "வண்டியில சிவப்பு முக்கோணம் போட்ட பொத்தான் ஒண்ணு இருக்கு. அழுத்தினா நாலு மூலை விளக்கும் சேர்ந்து மின்னும். அபாய விளக்கு. அதை எப்ப போடணும்?"

யாரும் கை தூக்கவில்லை. நான் தூக்கினேன். "மழையில ஓட்டும்போது சார். சாயங்காலம் இருட்டும்போதும் போடலாம். பின்னாடி வர்றவங்களுக்கு நம்ம வண்டி நல்லாத் தெரியும்."

சார் பலகையில் ஒரு வண்டியை வரைந்தார். நான்கு மூலையிலும் நட்சத்திரம் போட்டார். "இந்த வண்டி இப்ப என்ன செய்யுது?" என்று வகுப்பைப் பார்த்துக் கேட்டார். ஒருவர் நிற்கிறது என்றார். ஒருவர் மெதுவாகப் போகிறது என்றார். கடைசி வரிசைக்காரர், "டிரைவர் டீ குடிக்கப் போயிருக்காரு சார்" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்களோ என்ற பயத்தோடு.

விளக்கம் எளிமையானதுதான். அபாய விளக்கு நின்றுபோன வண்டிக்கு உரியது. பழுதாகியோ மோதியோ நடுவழியில் மாட்டிக்கொண்டு, மற்றவர் பாதையை மறித்துக்கொண்டிருந்தால் போட வேண்டும். கயிறு கட்டி இழுத்துப் போகும்போது போடலாம். வேகச் சாலையில் முன்னால் எல்லாம் திடீரென்று நின்றுவிட்டால், பின்னால் வருபவருக்குத் தெரிவதற்காகக் கொஞ்ச நேரம் போட்டு அணைக்கலாம். மழைக்கு முகப்பு விளக்கு போதும். நான்கையும் மின்னவிட்டுக்கொண்டு ஓடினால், திரும்பப் போகும் பக்கத்தைக் காட்ட நம்மிடம் விளக்கு மிச்சம் இருக்காது. பின்னால் வருகிறவன் குழம்புவான். இன்னொன்றும் சொன்னார்: இப்படி எல்லாரும் மின்னிக்கொண்டே ஓடினால், உண்மையில் நின்றுபோனவன் மின்னும்போது யாரும் நம்பமாட்டார்கள்.

"கடை வாசல்ல குறுக்க நிறுத்திட்டு அதைப் போடுறாங்க. அது மன்னிப்புக் கேக்குற பொத்தான் இல்ல" என்றார். எல்லாம் எழுதிக்கொண்டேன்.

என் பதில் எந்தப் புத்தகத்திலிருந்தும் வந்ததல்ல. அப்பாவைப் பார்த்துச் சொன்னேன். நான் லேபிள் சரிபார்க்கும் மருந்து பாட்டில் தொழிற்சாலையில் ஆட்களை ஏற்றி இறக்கும் வேனை ஓட்டுவது அப்பாதான். காலையில் எல்லாரையும் கொண்டுவந்து சேர்த்து, மாலையில் அவரவர் தெருமுனையில் இறக்கிவிடுவார். என்னை வகுப்புக் கட்டடத்தின் முன் இறக்கிவிட்டுப் போவார். மாலையில் தொழிற்சாலை வாயிலைத் தாண்டியதுமே அந்தப் பொத்தானை அழுத்திவிடுகிறார். அதனால் வண்டியில் அவருக்கு 'மின்மினி' என்று பெயர் விழுந்துவிட்டது.

அதுதான் இப்போது என் கவலை. வேன் நிறைய ஆட்கள். அப்பா செய்வது தப்பு என்றால், யாராவது பின்னால் வந்து மோதக்கூடும். சொன்னால் அவர் மனசு நோகும். உரிமம்கூட இல்லாத நான் அவருக்கு விதி சொல்வதா? சொல்லாவிட்டால் தெரிந்தே சும்மா இருந்த மாதிரி ஆகும். எப்படிச் சொல்வது என்று இரண்டு விதமாக எழுதிப் பார்த்து இரண்டையும் அடித்துவிட்டேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். சென்ற மாதத்திலிருந்து அப்பா என்னை முன் இருக்கையில் தன் பக்கத்தில் உட்கார வைக்கிறார். வழியெல்லாம் கேள்வி கேட்கிறார். முன்னால் என்ன போகிறது, பலகையில் என்ன எழுதியிருக்கிறது, அந்த வண்டி நிற்கிறதா போகிறதா என்று. தேர்வுக்கு என்னைத் தயார்செய்கிறார். இவ்வளவு செய்கிறவரிடம் போய் எப்படிக் குறை சொல்வது?


நவம்பர் 4, செவ்வாய்

சொல்லிவிட்டேன். சரியாகச் சொல்லவில்லை.

காலையில் அப்பா வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் வெகுநேரம் துடைக்கிறார். பழைய துணியால் ஒரு தடவை, காகிதத்தால் ஒரு தடவை, மறுபடியும் துணியால். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அப்பா, வகுப்புல ஒண்ணு சொன்னாங்க. நாலு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னுமே, அதை ஓடும்போது போடக்கூடாதாம்."

"யாரு சொன்னது?"

"சாலை விதி சார்."

"அவரு என்ன வண்டி வெச்சிருக்காரு?"

"சைக்கிள்லதான் வர்றாரு."

"அதானே பாத்தேன்." துணியை உதறினார். "பாப்பா, புஸ்தகத்துல ரோடு நேரா இருக்கும், எல்லாப் பயலும் ஒழுங்கா வருவான். இங்க ஒருத்தனுக்கும் கண்ணு தெரியறதில்ல. நாம மின்னினாத்தான் ஒதுங்கிப் போவான்."

"ஆனா நாம எந்தப் பக்கம் திரும்புறோம்னு…"

"நீ டெஸ்ட்ல அவரு சொன்னதை எழுது. பாஸ் பண்ணு. ரோட்டை நான் பாத்துக்கறேன்."

வாசலில் இருந்து அம்மா, "ரெண்டு பேரும் ரோட்டை ரோட்டுலயே பேசிக்கக் கூடாதா, சுட்ட தோசை காஞ்சு போகுது" என்று கூப்பிட்டாள். பேச்சு அங்கேயே முடிந்தது. நான் 'ஆனா' என்று ஆரம்பித்திருக்கக் கூடாது. கேள்வியாகக் கேட்டிருக்க வேண்டும்.

சாயங்காலம் மழையே இல்லை. வானம் மட்டும் மங்கியிருந்தது. இந்த மாதத்தில் வேலை விடும் முன்பே பொழுது சாய்ந்துவிடுகிறது. வாயிலைத் தாண்டியதும் அப்பாவின் விரல் பொத்தானுக்குப் போனது. டக், டக், டக் என்று அது அடிக்க ஆரம்பித்ததும் பின்னாலிருந்து ரேடியோ குரல் கொடுத்தார். அவர் பெட்டி கட்டும் பிரிவில் வேலை செய்கிறார். வேனில் ஏறினால் இறங்கும்வரை வாய் மூடமாட்டார் என்பதால் அந்தப் பெயர்.

"மின்மினி அண்ணே, பாத்து. மேல போற விமானம் நம்மளப் பாத்து இங்கயே இறங்கிடப் போகுது."

"இறங்கினா உன்னை ஏத்தி அனுப்பிடறேன்டா. வண்டி அமைதியாவாவது இருக்கும்" என்றார் அப்பா. எல்லாரும் சிரித்தார்கள்.

சுரங்கப்பாலம் தாண்டியதும் கேள்விகள் ஆரம்பித்தன.

"பாப்பா, அங்க மஞ்சளா ஒரு பலகை தெரியுதே, என்ன எழுதியிருக்கு?"

"வேலை நடக்கிறது, இடது பக்கம் போகவும்."

"கெட்டிக்காரி. அந்த ஓரத்துல யாரு, நிக்கிறாங்களா, குறுக்க வர்றாங்களா?"

"நிக்கிறாங்கப்பா. போன் பேசுறாங்க."

என் பின் இருக்கையில் இருந்த மூடி அக்கா, அதாவது பாட்டிலுக்கு மூடி போடும் எந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவர், "என்னண்ணே, தினம் தினம் பரீட்சை வெக்கிறீங்க. புள்ளை பாவம்" என்றார்.

"பரீட்சை பொண்ணுக்கா அண்ணே, உங்களுக்கா?" என்றார் ரேடியோ.

மறுபடியும் எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், ஆனால் மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகு. ஏன் அதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை. அவர் முன்பெல்லாம் முதுகை நன்றாகச் சாய்த்து, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, ஏதாவது முனகிக்கொண்டே ஓட்டுவார். இன்று நெஞ்சு ஸ்டியரிங்கில் படுகிற அளவுக்குக் குனிந்திருந்தார். காலையில் நான் பேசியது மனசில் இருக்கிறது போலிருக்கிறது.


நவம்பர் 5, புதன்

குறைவாகவே எழுதுகிறேன். வகுப்பில் கயிறு கட்டி இழுப்பது பற்றிய பாடம். புரிந்தது.

ஒரு விஷயம் மட்டும் கணக்கு ஒத்துவரவில்லை. இன்று காலை தொழிற்சாலைக்குப் போகும்போது நல்ல மழை. துடைப்பான் ஓயாமல் ஆடியது. அப்பா பொத்தானைத் தொடவே இல்லை. சாய்ந்து உட்கார்ந்து ஓட்டினார். என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நேற்று நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார் என்று மனசுக்குள் குளிர்ந்துபோனேன்.

சாயங்காலம் மழை விட்டிருந்தது. வாயிலைத் தாண்டியதும் பொத்தான். சுரங்கப்பாலம் தாண்டியதும் கேள்விகள்.

மழைக்காகப் போடுகிறார் என்றால் காலையில் ஏன் போடவில்லை? எனக்குப் பாடம் நடத்துகிறார் என்றால் காலையில் ஏன் நடத்தவில்லை? காலையில் அவசரம் இருக்கும், மாலையில் நிதானம் இருக்கும் என்று பதில் எழுதிப் பார்த்தேன். எழுதும்போது சரியாகத்தான் பட்டது. நான் எதையும் தேவைக்கு மேல் கிளறுகிறேன் என்று அம்மா சொல்வாள். இருக்கலாம்.


நவம்பர் 6, வியாழன்

இன்று வகுப்புக்குப் போகவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதப் பார்க்கிறேன்.

வேலை விட்டபோது தூறிக்கொண்டிருந்தது. வேன் நிறைந்திருந்தது. மூடி அக்கா கண்ணை மூடிச் சாய்ந்துவிட்டார். ரேடியோ தன் மச்சான் வாங்கிய பழைய துவைக்கும் எந்திரத்தின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அது ஓடும்போது சமையலறையிலிருந்து கூடத்துக்கே நடந்து வந்துவிடுகிறதாம், மச்சான் அதற்குப் பாய் போட்டுக் கொடுத்திருக்கிறாராம். அப்பா வாயிலைத் தாண்டியதும் பொத்தானை அழுத்தினார். நான் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை.

சுரங்கப்பாலத்துக்கு அப்பால் கிடங்குகள் இருக்கும் நீளச் சாலை. தெருவிளக்கு ஒன்றுவிட்டு ஒன்றுதான் எரியும். தூறலுக்காக அங்கே நிறையப் பேர் நான்கையும் மின்னவிட்டுக்கொண்டு போனார்கள். எங்களைத் தாண்டிப்போன கார் மின்னிக்கொண்டே போனது. எதிரே வந்த ஒன்றும் மின்னிக்கொண்டே வந்தது. தூரத்தில் ஒரு லாரி, அதுவும் மின்னியது.

"பாப்பா, அந்த லாரி?"

"நாலும் மின்னுதுப்பா."

"அது எனக்கே தெரியுது. நிக்குதா, போகுதா?"

நான் பார்த்தேன். சும்மா சொல்லவில்லை, பார்த்துத்தான் சொன்னேன். ஆனால் பார்த்ததைவிடப் பழகியதைத்தான் சொன்னேன் என்று இப்போது தோன்றுகிறது. எங்கள் வண்டி மின்னிக்கொண்டே ஓடுகிறது. பக்கத்துக் கார் மின்னிக்கொண்டே ஓடுகிறது. தூறல்.

"போகுதுப்பா" என்றேன்.

அப்பா வேகத்தைக் குறைக்கவில்லை. நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார். கொஞ்ச தூரத்தில் சாலையில் சிவப்பாக ஏதோ பளபளத்தது. லாரிக்காரர் வைத்திருந்த எச்சரிக்கை முக்கோணம். அதற்கு அப்பால் சக்கரத்தருகே ஒருவர் குந்தியிருந்தார். எனக்கு அது தெரிந்துவிட்டது. அப்பாவுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். வண்டி அதே வேகத்தில்தான் போனது.

"அப்பா, நிக்குது. நிக்குதுப்பா, நிக்குது."

பிரேக்கில் ஏறி நின்றார். வேன் வழுக்கியது. பின்னால் எல்லாரும் முன் இருக்கைகளில் வந்து இடித்தார்கள். முக்கோணம் எங்கள் சக்கரத்தின் கீழே நொறுங்கும் சத்தம் கேட்டது. நின்றபோது லாரியின் பின்கதவில் எழுதியிருந்ததில் ஒரே ஓர் எழுத்துதான் எங்கள் கண்ணாடி முழுக்கத் தெரிந்தது. குந்தியிருந்தவர் எழுந்து ஓரத்துக்கு ஓடியிருந்தார்.

மூச்சு விடுவதற்குள் பின்னால் ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை. தகர டின் சாய்ந்தால் கேட்குமே, அப்படி.

ஒரு ஸ்கூட்டர் சாய்ந்து கிடந்தது. மழைக்கோட்டுக்குள் நர்ஸ் உடுப்புப் போட்ட ஒரு பெண் சாலையில் உட்கார்ந்திருந்தார். ஹெல்மெட் தலையில் இருந்தது. முட்டியில் துணி கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. கையையும் காலையும் அவரே அசைத்துப் பார்த்துக்கொண்டார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஒண்ணும் உடையல. விடுங்க, நானே எழுந்திரிக்கறேன்" என்றார். பிறகு எங்கள் வண்டியைப் பார்த்தார். "இது மொதல்லேருந்தே மின்னிட்டுத்தானே வந்துச்சு. சுரங்கப்பாலத்துலேருந்து உங்க பின்னாடிதான் வர்றேன். அவ்வளவு மின்னலுக்கு நடுவுல பிரேக் போட்டது எங்க தெரியுது? நின்னுட்டீங்கன்னு எப்படிங்க எனக்குத் தெரியும்?"

என் கைக்குட்டையை மடித்து அவர் முட்டியில் வைத்து அழுத்தினேன்.

லாரிக்காரர் உடைந்த முக்கோணத்தின் ஒரு துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். "டயர் போச்சு, நிக்கிறேன். விளக்குப் போட்டிருக்கேன், முக்கோணம் வெச்சிருக்கேன். இன்னும் நான் என்ன செய்யணும், நடு ரோட்டுல ஆடணுமா?"

"எங்க வண்டியும் விளக்குப் போட்டுட்டுத்தான் வந்துச்சு" என்றார் ரேடியோ, எங்களுக்காகப் பேசுகிறேன் என்று நினைத்து.

"அப்ப உங்களுக்கும் டயர் போச்சா?"

ரேடியோ வாயை மூடிக்கொண்டார். அவர் அப்படி மூடிக்கொண்டதை நான் பார்த்ததே இல்லை.

அப்பா வண்டியைச் சுற்றிக்கொண்டு, ஒரு கையால் அதன் பக்கத்தைத் தொட்டுக்கொண்டே வந்தார். "அம்மா, அடி பட்டுடுச்சாம்மா?" என்று கேட்டார். நர்ஸ், "பரவால்லண்ணே. என் பை மட்டும் எங்கயோ விழுந்துடுச்சு, அதை எடுத்துக் குடுங்க" என்றார்.

அப்பா குனிந்து தேடினார். பை கறுப்புத்தான், சாலையும் நனைந்து கறுப்புத்தான். ஆனால் எங்கள் வண்டியின் விளக்கு மின்னும்போதெல்லாம் அது பளிச்சென்று தெரிந்தது. அப்பா ஸ்கூட்டருக்கு அடியில் கையைவிட்டுத் துழாவினார். சாலையைக் கையால் தடவினார். பிறகு எழுந்து நின்று, ஒரு காலைப் பக்கவாட்டில் மெல்ல நீட்டித் தேடினார்.

"அண்ணே, உங்க காலடியிலதான் இருக்கு" என்றார் நர்ஸ்.

"எங்கம்மா?" என்றார் அப்பா.

பை அவர் இன்னொரு செருப்பை ஒட்டிக் கிடந்தது.

வண்டியிலிருந்து இறங்கி நின்றவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் போய்ப் பையை எடுத்து நர்ஸிடம் கொடுத்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சென்ற மாதத்திலிருந்து கேட்ட கேள்விகள் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. பலகையில் என்ன எழுதியிருக்கு. ஓரத்துல யாரு. 'கெட்டிக்காரி' என்று அவர் சொன்னபோதெல்லாம் நான் மதிப்பெண் வாங்கியதுபோல் பூரித்துப்போயிருந்தேன். அவை எனக்கு வைத்த பரீட்சை இல்லை. வண்டி ஓடிக்கொண்டிருந்ததே என் பதில்களை நம்பித்தான்.

ரேடியோ ஸ்கூட்டரைத் தூக்கி நிறுத்தினார். நர்ஸ் தன் அண்ணனை வரச் சொல்லி, அவர் வரும்வரை கிடங்கு வாசலில் நின்றார். அப்பா தன் நம்பரை எழுதிக் கொடுத்தார். கோணலாக எழுதினார். நான் வாங்கித் திருப்பி எழுதிக் கொடுத்தேன்.

அதற்கு அப்புறம் நான் செய்தது சரியா என்று தெரியவில்லை. அப்பாவை இறங்கிக்கொள்ளச் சொல்லி, வேறு யாரையாவது ஓட்டச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அப்பாவைத் தவிர உரிமம் உள்ளவர்கள் வண்டியில் இல்லை. தொழிற்சாலைக்காவது போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. அப்பா ஏறி உட்கார்ந்தார், நானும் ஏறி உட்கார்ந்தேன். அவர் முதலில் பொத்தானை அழுத்தி மின்னலை அணைத்தார். பிறகு நடக்கிற வேகத்தில் ஓட்டினார். அவர் கேட்கும்வரை நான் காத்திருக்கவில்லை. எல்லாவற்றையும் உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தேன். இடது ஓரம் சைக்கிள், போகுது. முன்னாடி பஸ், நிக்குது. மேடு. குறுக்க நாய், போயிடுச்சு. பின்னால் இருந்த எல்லாருக்கும் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னேன். டக் டக் சத்தம் இல்லாமல் என் குரல் மட்டும் கேட்டது.

ஒவ்வொருவராக இறங்கினார்கள். ரேடியோ இறங்கும்போது, "வரேண்ணே" என்றார். மின்மினி என்று சொல்லவில்லை. மூடி அக்கா படியில் நின்று என் தோளைத் தொட்டார்.

"நாளைக்கு சாயங்காலம் நான் பஸ்ல போயிடுறேன் கண்ணு. உங்கப்பாகிட்ட சொல்லாத, மனசு கஷ்டப்படுவாரு."

அப்பா அவருக்கு இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மா எங்கள் முகத்தைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். பை விஷயத்தையும் சொன்னேன். அப்பா தலையைத் தூக்கவில்லை.

"பகல்ல ஒண்ணும் இல்ல" என்றார் கடைசியில். "பகல்ல எறும்பு ஓடினாத் தெரியும். பொழுது சாஞ்சாத்தான். எதிர்ல வர்ற லைட்டெல்லாம் பெருசா விரிஞ்சு அப்படியே கண்ணுல ஒட்டிக்குது. அதுக்குப் பின்னாடி இருக்கறது ஒண்ணும் புரியறதில்ல."

"எப்பலேருந்துப்பா?"

"மழைக்காலத்துக்கு முன்னாடிலேருந்து."

"அதுக்காகவா அந்த விளக்கு?"

"பின்ன? எனக்கு மத்தவங்க தெரியலன்னாலும் அவங்களுக்கு நான் தெரிவேன்ல."

இதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. அம்மாவுக்குக் கோபம்தான் வந்தது.

"படியைக் காலால தடவித் தடவி ஏறும்போதே நெனைச்சேன். கேட்டா, புதுச் செருப்பு கடிக்குதுன்னீங்க. செருப்பு கடிச்சா மனுஷன் செவுத்தைப் புடிச்சுட்டா நடப்பான்? டாக்டர்கிட்டப் போறதுக்கு என்ன?"

"போனா எழுதிக் குடுத்துடுவான், ஓட்டக்கூடாதுன்னு. கம்பெனி வண்டியெல்லாம் பாத்துக்கற டிரான்ஸ்போர்ட் சாருக்கு என்னை அனுப்ப அது போதும். வேன் கேட்டு ரெண்டு பேரு தினம் அவரு ரூம் வாசல்ல நிக்கிறானுங்க." என் பக்கம் திரும்பினார். "இவ பக்கத்துல இருந்தா போதும். இவளுக்கு நல்ல கண்ணு. இன்னும் கொஞ்ச நாள். பொழுது நீண்டுச்சுன்னா வெளிச்சம் இருக்கும்போதே எல்லாரையும் இறக்கிடுவேன்."

"நான் போகுதுன்னு சொன்னேன்பா" என்றேன். "அது நின்னுட்டு இருந்துச்சு."

"அது ஒரு தடவை."

"அங்க ஒரு ஆள் குந்தியிருந்தாரு. உங்களுக்கு அவரு தெரிஞ்சாரா?"

மழை நின்றுவிட்டிருந்தது. அப்பா உள்ளங்கையை விரித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சாலையைத் தடவிய கை, அதில் இன்னும் கரி இருந்தது.

"ஆள் இருந்தாரா?" என்றார்.

"ஆமாம்பா. ஓடிட்டாரு."

அப்பா எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். இந்தத் தடவை அதை மறைக்கவில்லை. வேன் சாவியை வழக்கமாக மாட்டும் ஆணியில் மாட்டாமல் அம்மாவின் கையில் கொடுத்தார். "காலையில வெளிச்சத்துல கொண்டுபோய் விட்டுடுவேன். சாயங்காலத்துக்குத்தான் என்ன செய்யறதுன்னு தெரியல" என்றார். பிறகு, "டிரான்ஸ்போர்ட் சார்கிட்ட என்னால வாயைத் தொறந்து சொல்ல முடியுமான்னும் தெரியல பாப்பா" என்றார்.

அம்மா சோறு போட்டாள். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

பகல் வண்டியை மட்டும் அவரிடம் விடுவார்களா, கண்ணைச் சரிசெய்ய முடியுமா, எதுவும் எனக்குத் தெரியாது. நாளைச் சாயங்காலம் அந்த வேனில் ஆட்கள் ஏறுவார்கள் என்பது மட்டும் தெரியும்.

நாளை செய்ய வேண்டியது: தொழிற்சாலைக்குள் போனதும், லேபிள் மேசைக்குப் போகும் முன், அப்பாவோடு டிரான்ஸ்போர்ட் சார் அறைக்குப் போக வேண்டும். மாலை வண்டிக்கு வேறு டிரைவர் வேண்டும் என்று அப்பா சொல்ல வேண்டும். அவரால் சொல்ல முடியாவிட்டால் நான் சொல்ல வேண்டும். மதியம் அரை நாள் விடுப்பு எடுத்து அவரைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டும்.